மோதிய இடத்தில் சிதையாத துகள்: எல்.எச்.சி.யில் நெடுவாழ் துகள்களைத் தேடும் முறை, படிப்படியாக

செர்ன் ஆய்வகத்தின் புரோட்டான் மோதுவியான எல்.எச்.சி.யின் அட்லஸ், சி.எம்.எஸ். டிடெக்டர்கள் இரண்டும் ஒரே எதிர்பார்ப்போடு கட்டப்பட்டவை. புரோட்டான்கள் மோதிய புள்ளியில் புதுத் துகள் பிறக்கும், அங்கேயே சிதையும், சேய்த் துகள்கள் அந்தப் புள்ளியிலிருந்தே கிளம்பி வரும். ஹிக்ஸ் போசானும் டாப் குவார்க்கும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆனால் பிறந்த துகள் சில மில்லிமீட்டரோ சில மீட்டரோ போய்ச் சேர்ந்த பிறகு சிதைந்தால் சிக்கல் தொடங்குகிறது. எந்த மோதலைப் பதிவு செய்வது என்று அந்தக் கணமே முடிவு செய்யும் ட்ரிகர் அதைக் கழித்துவிடும். தடம் கோர்க்கும் நிரல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. தப்பித்தவறி பதிவாகிவிட்டாலும், தரச்சோதனை அதைப் 'பழுதான ஜெட்' (ஜெட் என்பது ஒரே திசையில் கொத்தாகப் பாயும் துகள்கள்) என்று முத்திரை குத்தி ஒதுக்கும்.

ஆகவே இந்தத் தேடலில் பாதி வேலை, சிக்னலை நம்முடைய கருவியிடமிருந்தே காப்பாற்றுவது. மீதிப் பாதி பின்னணியை, அதாவது சிக்னல் போலவே தோன்றும் மற்றவற்றை, கணிப்பது. அந்தப் பின்னணி பாடநூல் வினைகளிலிருந்து வருவதில்லை. கற்றை ஓடும் பெரிலியக் குழாயிலிருந்தும், குளிரூட்டும் குழாயிலிருந்தும், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் மியூவானிலிருந்தும், மின்னணு இரைச்சலிலிருந்தும் வருகிறது. சிமுலேஷனை நம்பி இவற்றை எண்ண முடியாது.

கீழே வரும் படிகளுக்கு முதுகெலும்பு, அட்லஸின் உள் டிராக்கரில் (மோதல் புள்ளியைச் சுற்றி நின்று மின்னூட்டத் துகள்களின் தடத்தைப் பதிவு செய்யும் உறுப்பில்) விலகிய முனையை, அதாவது மோதல் புள்ளியிலிருந்து தள்ளி அமைந்த சிதைவுப் புள்ளியை, தேடும் பகுப்பாய்வு. மற்ற வகைத் தேடல்கள் தேவைப்படும் இடத்தில் வரும்.

## படி 1: ஆயுளைத் தூரமாக மாற்றுங்கள்

ஆயுளை ஒளியின் வேகத்தால் பெருக்கி நீளமாகச் சொல்வது வழக்கம். 1 நானோ வினாடி என்றால் 30 செ.மீ. பழகிய துகள்களை அளவுகோலாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பி மீசான் சுமார் 0.45 மி.மீ., கே-ஷார்ட் 2.7 செ.மீ., லாம்டா 7.9 செ.மீ., மின்னூட்டமுள்ள பையான் 7.8 மீ., மியூவான் சுமார் 660 மீ. இந்த நீளத்தை உந்தத்துக்கும் நிறைக்குமான விகிதத்தால் பெருக்கினால் ஆய்வகத்தில் அத்துகள் சராசரியாகப் போகும் தூரம் கிடைக்கும்.

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம். 125 ஜிஇவி (100 கோடி எலக்ட்ரான்வோல்ட்; நிறைக்கும் ஆற்றலுக்கும் இதே அலகு) நிறையுள்ள ஹிக்ஸ், தலா 30 ஜிஇவி நிறையுள்ள இரண்டு புதிய துகள்களாகச் சிதைகிறது என்று வைப்போம். ஹிக்ஸ் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 62.5 ஜிஇவி ஆற்றலும் 54.8 ஜிஇவி உந்தமும் கிடைக்கும், விகிதம் 1.83. ஆயுள் நீளம் 1 மீட்டர் என்றால் சராசரிப் பயணம் 1.83 மீட்டர். ஒரு துகள் கற்றைக்குச் செங்குத்தாகப் போகும்போது, ஆரம் 4 மி.மீ.க்கும் 300 மி.மீ.க்கும் இடையே சிதையும் நிகழ்தகவு சுமார் 15 சதவீதம். 4 மீட்டருக்கும் 7 மீட்டருக்கும் இடையே, அதாவது டிடெக்டரின் வெளிப்புறத்தில் உள்ள மியூவான் அமைப்பில், சுமார் 9 சதவீதம். அதே துகளின் ஆயுள் நீளம் 100 மீட்டர் என்றால் இந்த எண்கள் 0.16 சதவீதமாகவும் 1.6 சதவீதமாகவும் சரிந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள். ஆயுள் மிக நீண்டதாக இருக்கும்போது நிகழ்தகவு டிடெக்டர் உறுப்பின் தடிமனுக்கு நேர்விகிதமாகவும் ஆயுளுக்கு எதிர்விகிதமாகவும் போகும். சிதைவு அடுக்கேற்ற விதிப்படி நடப்பதால், எவ்வளவு நீண்ட ஆயுளாக இருந்தாலும் சில துகள்கள் உள்ளேயே சிதையும். 'இந்த ஆயுளுக்கு இந்த உறுப்பு' என்று கறாராகப் பிரிக்காதீர்கள்.

எல்.எச்.சி.யின் இரண்டாவது ஓட்டத்தில் (2015–2018) ஒரு டிடெக்டர் சேர்த்த 140 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன் (சேர்ந்த மோதல் அளவைச் சொல்லும் அலகு) தரவில் 70 லட்சத்துக்கும் அதிகமான ஹிக்ஸ் பிறந்திருக்கும். அவற்றில் 1 சதவீதம் இப்படிச் சிதைந்தால்கூட 70,000-க்கு மேற்பட்ட நிகழ்வுகள். எண்ணிக்கைக்குப் பஞ்சமே இல்லை. அவை தரவுக்குள் நுழைகின்றனவா என்பதுதான் கேள்வி.

## படி 2: சிமுலேஷன் கோப்பில் ஆயுளைச் சரியாக எழுதுங்கள்

முதல் முறை செய்பவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து.

ஆயுள் நீளம் 1 மீட்டர் என்றால் சிதைவு அகலம் சுமார் 2 × 10⁻¹⁶ ஜிஇவி. இவ்வளவு சிறிய அகலத்தை, மோதல் வினையைக் கணிக்கும் நிரலான மேட்கிராஃபில் மோதல் வினையோடு சேர்த்துத் தொகையிட்டால் எண்கணிதம் ஆட்டம் காணும். துகளை உருவாக்கும் வினையைத் தனியாகவும் சிதைவைத் தனியாகவும் வையுங்கள். அடுத்து, மேட்கிராஃப் தன் வெளியீட்டில் ஆயுளை இயல்பாக எழுதுவதில்லை. ஓட்ட அட்டையில் அதற்கான அளவுரு மைனஸ் 1 என்று இருக்கும்; அதைப் பூஜ்ஜியமாக்கினால்தான் எழுதும். மறந்துவிட்டால் எல்லாத் துகளும் மோதல் புள்ளியிலேயே சிதையும், வரைபடம் பார்க்கும்வரை அது தெரியவும் தெரியாது.

சிதைவையும் ஜெட்களையும் உருவாக்கும் நிரலான பித்தியாவில் ஆயுள் மில்லிமீட்டர் அலகில். மீட்டர் என்று நினைத்து 1 என்று போட்டால் ஆயிரம் மடங்கு பிசகும். துகளுக்கு மின்னூட்டம் இருந்தால் இன்னொரு வலை காத்திருக்கிறது: பித்தியா அதை நேர்கோட்டில்தான் நகர்த்தும், காந்தப்புலம் அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட துகளை, டிடெக்டரைச் சிமுலேட் செய்யும் ஜீயன்ட்-4 கையில் ஒப்படைத்து அங்கேதான் சிதைய விட வேண்டும். குளுவினோ (சூப்பர்சிமெட்ரிக் கோட்பாடு முன்மொழியும் கனத்த துகள்) குவார்க்குகளோடு கூடி உருவாகும் ஆர்-ஹாட்ரான் போன்றவை இரும்பைக் கடக்கும்போது மின்னூட்டமே மாறலாம். அதற்குத் தனி மாதிரி ஏற்ற வேண்டும்.

நிகழ்வுகள் தயாரானதும் முதல் வேலை, சிதைவு தூரத்தை உந்த-நிறை விகிதத்தால் வகுத்து ஒரு வரைபடம் போடுவது. மடக்கை அச்சில் நேர்கோடு வர வேண்டும், அதன் சரிவு நீங்கள் கொடுத்த ஆயுளைத் தர வேண்டும். ஐந்து நிமிட வேலை.

## படி 3: ட்ரிகர்

எல்.எச்.சி.யில் 25 நானோ வினாடிக்கு ஒருமுறை கற்றைக் கொத்துகள் குறுக்கிடுகின்றன. முதல் நிலை ட்ரிகர் அதை நொடிக்கு ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைக்கிறது; அதன் பிறகே மென்பொருள் ட்ரிகர். இரண்டாம் ஓட்டத்தில் கடைசியில் தங்கியவை நொடிக்கு ஆயிரத்தை ஒட்டிய நிகழ்வுகள். அட்லஸிலும் சி.எம்.எஸ்.ஸிலும் முதல் நிலைக்கு உள் டிராக்கர் தகவல் கிடையாது. துகளின் ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டரையும் மியூவான் அறைகளையும் மட்டும் பார்த்து அது முடிவு செய்கிறது. முனை விலகியிருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

எனவே துகளோடு கூடவே வரும் வேறு எதையாவது பற்றிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். கனமான துகள் என்றால் பாதை எளிது: காணாமல் போன குறுக்கு உந்தம் (கற்றைக்குச் செங்குத்தான திசையில் கணக்கில் வராத உந்தம்), அல்லது பல பெரிய ஜெட்கள். 2016-இன் தரவில் அட்லஸ் செய்த விலகிய முனைத் தேடல் 250 ஜிஇவிக்கு மேற்பட்ட காணாமல் போன குறுக்கு உந்தத்தைக் கேட்டது. குளுவினோவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஹிக்ஸ் சிதைவில் வரும் 30 ஜிஇவி துகளுக்கோ அது எட்டாக் கனி.

மென்மையான சிக்னலுக்கு மூன்று வகைத் தனி ட்ரிகர்கள் உண்டு.

துகள் கலோரிமீட்டருக்குள் சிதைந்தால் உட்புற மின்காந்தப் பகுதியில் ஆற்றல் அநேகமாக இருக்காது, வெளிப்புற ஹாட்ரான் பகுதியில் குவிந்திருக்கும். அட்லஸ் ஹாட்ரான் பகுதி ஆற்றலை மின்காந்தப் பகுதி ஆற்றலால் வகுத்த விகிதத்தின் மடக்கை (அடி 10) 1.2-க்கு மேல் இருக்கும்படி கேட்கும் ட்ரிகரை வைத்திருக்கிறது. மின்காந்தப் பகுதியின் பங்கு 6 சதவீதத்துக்கும் கீழே என்று பொருள். கூடவே அந்த ஜெட்டை நோக்கித் தடம் எதுவும் இருக்கக் கூடாது.

மியூவான் அமைப்பில் சிதைந்தால் அறைகளில் ஏகப்பட்ட பதிவுகள் ஓரிடத்தில் குவியும். அட்லஸின் ட்ரிகர் ஒரு சிறு கூம்புக்குள் பீப்பாய்ப் பகுதியில் (நடு உருளையில்) குறைந்தது 3, முனைமூடிப் பகுதியில் (உருளையின் இரு முனைகளில்) 4 மியூவான் சமிக்ஞைகளைத் தேடுகிறது. சி.எம்.எஸ்.ஸில் காந்தப்புலத்தைத் திருப்பிவிடும் இரும்புத் தட்டுகள் மியூவான் அறைகளுக்கு இடையிடையே நிற்கின்றன. அவ்விரும்பில் துகள் சிதைந்தால் அறைகளே கலோரிமீட்டராக மாறிவிடும். முனைமூடி அறைகளில் 130-க்கும் அதிகமான பதிவுகள் கொண்ட கொத்தைத் தேடி 2021-இல் வெளியான முடிவு, புதிய கருவி எதுவும் சேர்க்காமல் இருப்பதை வேறு விதமாகப் பார்த்ததால் வந்தது. இத்துறையின் மிக அழகான யோசனை என்று அதைச் சொல்லலாம். மூன்றாவது ஓட்டத்தில் அதற்கென்றே முதல் நிலை ட்ரிகர் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது வகை நேரத்தைப் பார்ப்பது. சி.எம்.எஸ்.ஸின் ஹாட்ரான் கலோரிமீட்டர் மேம்படுத்தப்பட்டு ஆழ அடுக்குகளும் நேர அளவீடும் கிடைத்தபின், தாமதமாக வரும் ஜெட்டை முதல் நிலையிலேயே பிடிக்க முடிகிறது. மேலே சொன்ன 30 ஜிஇவி துகள் 5 மீட்டர் போகும்போது ஒளியைவிட 2.3 நானோ வினாடி பின்தங்கும்.

இன்னும் மெதுவான துகள்களில் ட்ரிகர் வேறு விதமாகக் காலை வாரும். ஒளியின் பாதி வேகத்தில் போகும் கனத்த ஆர்-ஹாட்ரான் 10 மீட்டரைக் கடக்கும்போது 33 நானோ வினாடி தாமதம். அதற்குள் அடுத்த குறுக்கீடு நடந்துவிட்டது. மியூவான் அறை அதைத் தவறான குறுக்கீட்டின் கணக்கில் எழுதும். டிராக்கர் தகவல் ஒரு நிகழ்விலும் மியூவான் பதிவு மற்றொன்றிலுமாகப் பிரிந்துவிடும். சிமுலேஷனில் இந்த நேர விளைவை இயக்காமல் ட்ரிகர் திறனைக் கணித்தால் கிடைக்கும் எண் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கும்.

எல்.எச்.சி.பி. சோதனை மூன்றாம் ஓட்டத்தில் வன்பொருள் ட்ரிகரையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு மோதலையும் கிராபிக்ஸ் செயலிகளில் மறுகட்டமைக்கிறது. சில ஜிஇவி நிறையும் சில மில்லிமீட்டர் ஆயுளும் கொண்ட துகளைத் தேடுபவர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

## படி 4: தடங்களை இரண்டாம் முறை கோர்த்துப் பாருங்கள்

வழக்கமான தடம் கோர்ப்பு, கற்றைக் கோட்டிலிருந்து 10 மி.மீ.க்கு மேல் விலகிய தடங்களைக் கைவிடும். கணிப்பொறி நேரத்தை மிச்சப்படுத்த வைத்த வரம்பு அது. அட்லஸின் பேராரத் தடக்கோர்ப்பு, முதல் சுற்றில் யாரும் எடுத்துக்கொள்ளாத பதிவுகளை மட்டும் எடுத்து, விலகலை 300 மி.மீ. வரை தளர்த்தி மீண்டும் ஓடுகிறது.

ஏன் 300? கருவியின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். பெரிலியக் கற்றைக் குழாயின் உள் ஆரம் 23.5 மி.மீ.; பிக்ஸல் அடுக்குகள் சுமார் 33, 50.5, 88.5, 122.5 மி.மீ. ஆரங்களில் உள்ளன. அதற்கப்பால் பட்டைச் சிலிக்கான் அடுக்குகள் நான்கு, முதலாவது 299 மி.மீ.யில். ஒவ்வொன்றும் இரட்டைத் தகடு என்பதால் 300 மி.மீ.க்குள் சிதைந்த துகளின் சேய் 8 சிலிக்கான் பதிவுகளை விட்டுச்செல்லும். ஒரு தடத்துக்கு அது போதும். அதைத் தாண்டிச் சிதைந்தால் போதாது.

இரண்டாம் ஓட்டத்தில் இந்தச் சுற்று நிறைய நேரம் எடுத்ததாலும் போலித் தடங்கள் மலிந்ததாலும், முன்கூட்டியே வடிகட்டிய சிறு பங்கு நிகழ்வுகளில் மட்டுமே ஓடியது. அந்தத் தரவைப் பயன்படுத்துபவர் வடிகட்டியின் நிபந்தனைகளையும் சிக்னல் திறனில் சேர்க்க வேண்டும். மூன்றாம் ஓட்டத்துக்கு நிரலைச் செப்பனிட்டு, இப்போது எல்லா நிகழ்வுகளிலும் ஓட்டுகிறார்கள்.

விலகிய தடங்களின் திறன் சரியா என்று பார்க்க இயற்கையே ஒரு துகளைக் கொடுத்திருக்கிறது: கே-ஷார்ட். நிறை 497.6 எம்இவி (1,000 எம்இவி = 1 ஜிஇவி), இரண்டு பையான்களாகச் சிதையும், பல சென்டிமீட்டர் பயணிக்கும். தரவிலும் சிமுலேஷனிலும் கே-ஷார்ட் எண்ணிக்கையை ஆரம் வாரியாக ஒப்பிடுங்கள். உட்பகுதியில் இரண்டையும் சமப்படுத்திவிட்டு வெளிப்பகுதியில் மிஞ்சும் வேறுபாட்டைத் திறனின் நிச்சயமின்மையாக எடுங்கள். கே-ஷார்ட்டின் உந்தப் பரவல் சிமுலேஷனில் சரியாக இருக்காது; அதைத் திருத்தாமல் ஒப்பிட்டால் தடத்தின் குறையும் உந்தத்தின் குறையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

## படி 5: முனையைக் கட்டுதல்

1 ஜிஇவிக்கு மேல் குறுக்கு உந்தமும் 2 மி.மீ.க்கு மேல் விலகலும் உள்ள தடங்களை எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து வெட்டும் புள்ளியைப் பொருத்துங்கள். பொருத்தம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, பதிவுகளின் வரிசையும் ஒத்துவர வேண்டும். முனை 60 மி.மீ.யில் இருந்தால், தடத்துக்கு 33 மி.மீ. அடுக்கில் பதிவு இருக்கக் கூடாது, 88 மி.மீ. அடுக்கில் இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையே போலி இணைகளில் பெரும்பகுதியைத் துடைத்துவிடும். பிறகு இணைகளைப் பல தட முனைகளாகத் திரட்டி, 1 மி.மீ.க்குள் நெருங்கிய முனைகளை ஒன்றாக்குங்கள்.

2016 தரவின் தேடலில் கடைசித் தேர்வு இது: ஆரம் 300 மி.மீ.க்குள், நீளவாக்கில் மையத்திலிருந்து 300 மி.மீ.க்குள், எல்லா மோதல் முனைகளிலிருந்தும் குறைந்தது 4 மி.மீ. தள்ளி, குறைந்தது 5 தடங்கள், முனையின் நிறை 10 ஜிஇவிக்கு மேல். நிறையைக் கணிக்கும்போது எல்லாத் தடத்தையும் பையான் என்றே கொள்வார்கள். மின்னூட்டமற்ற சேய்கள் கணக்கில் வராததால் இது உண்மை நிறையைவிடக் குறைவாகவே இருக்கும். 30 ஜிஇவி துகள் 10 ஜிஇவி வெட்டில் கணிசமாக அடிபடும் என்பதை மறவாதீர்கள்.

அடுத்து பொருள் வரைபடம். சாதாரண ஹாட்ரான் குழாய்ச் சுவரிலோ சிலிக்கான் தாங்கியிலோ மோதிச் சிதறினால் அசல் விலகிய முனை போலவே இருக்கும். ஆகவே பொருள் இருக்கும் இடமெல்லாம் தேடலிலிருந்து விலக்கப்படும். இந்த வரைபடத்தைப் பொறியியல் வரைபடத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். நிறை குறைந்த முனைகள் தரவில் எங்கே குவிகின்றன என்று பார்த்தே எடுங்கள்; கேபிளும் குழாயும் வரைபடத்தில் போட்ட இடத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பதில்லை. இதற்கு எடுக்கும் முனைகளிலிருந்து கே-ஷார்ட் நிறையுள்ளவற்றை முதலில் நீக்குங்கள். இல்லாவிட்டால் வெற்றிடத்திலும் பொருள் இருப்பதாக வரைபடம் காட்டும். அந்தத் தேடலில் இப்படி விலக்கப்பட்டது தேடும் கன அளவின் 42 சதவீதம். பெரிய விலைதான், ஆனால் பேரம் பேச இடமில்லை.

## படி 6: பின்னணியைத் தரவிலிருந்தே எடுங்கள்

பொருளை விலக்கிய பிறகு மூன்று வகை மிஞ்சும். வரைபடத்தில் வராத பொருளில் அல்லது குழாய்க்குள் மிச்சமிருக்கும் வாயுவில் நடந்த மோதல். நெருங்கிய இரண்டு சிறு முனைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. தற்செயலாகக் குறுக்கே போன தடம்.

மூன்றாவதுதான் விஷமக்காரன். 2 ஜிஇவி நிறையுள்ள அசல் முனை ஒன்று இருக்கிறது. சம்பந்தமே இல்லாத ஒரு தடம் பெரிய கோணத்தில் அதன் பக்கமாகப் போகிறது. பொருத்தும் நிரல் அதையும் சேர்த்துக்கொண்டால் நிறை ஒரே தாவலில் 10 ஜிஇவியைத் தாண்டிவிடும். சிக்னல் பகுதியில், அதாவது கடைசித் தேர்வில் தேறும் இடத்தில், வந்து உட்காருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட முனைதான்.

இதைக் கணிக்கும் வழி: தரவில் உள்ள 4 தட முனைகளை எடுத்து, வேறு நிகழ்வுகளிலிருந்து எடுத்த தடங்களை அவற்றோடு செயற்கையாகச் சேர்த்து 5 தட முனைகளின் நிறைப் பரவலைக் கட்டுங்கள். குறுக்கீடு எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்ற விகிதத்தைக் குறைந்த தட எண்ணிக்கையில் அளந்து, அதனால் பெருக்குங்கள். விகிதம் ஆரத்தைப் பொறுத்து மாறும். உள்ளே தடங்கள் நெருக்கம், வெளியே போலித் தடங்கள் அதிகம். எல்லா ஆரத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டால் தவறிவிடும். ஒட்டிக்கொண்ட முனைகளுக்கு, வெவ்வேறு நிகழ்வுகளின் முனைகளை இணைத்துப் பார்த்து, அவற்றின் இடைத்தூரப் பரவலை உண்மை நிகழ்வுகளோடு ஒப்பிடுங்கள்.

சிக்னல் பகுதியை மூடிவைத்துக்கொண்டே, 3 தட, 4 தட முனைகளிலும் 10 ஜிஇவிக்குக் கீழேயும் கணிப்பு பொருந்துகிறதா என்று சோதியுங்கள். அட்லஸின் 2016 தேடலில் எதிர்பார்த்த பின்னணி 0.02 நிகழ்வு, திறந்து பார்த்தபோது பூஜ்ஜியம். இவ்வளவு தூய்மை வேறு வகைத் தேடல்களில் அரிது.

கலோரிமீட்டரிலும் மியூவான் அறையிலும் தேடுபவருக்கு எதிரிகள் வேறு. காஸ்மிக் மியூவான் மேலிருந்து கீழே போகும். மையத்துக்கு 5 மீட்டர் மேலேயும் 5 மீட்டர் கீழேயும் அதன் பதிவுகளுக்கு இடையே 33 நானோ வினாடி வித்தியாசம் இருக்கும், மோதலில் பிறந்த இணைக்கு இருக்காது. கற்றைப் புரோட்டான் வழியில் எதிலாவது மோதிக் கிளப்பும் மியூவான்கள் கற்றைக்கு இணையாகப் பாய்ந்து, கிடைமட்டத் தளத்தில் குவியும். இவற்றின் தூய மாதிரி வேண்டுமா? ஒரு பக்கக் கற்றை மட்டும் கடக்கும் குறுக்கீடுகளையும் இரு பக்கமும் காலியான குறுக்கீடுகளையும் ட்ரிகர் தனியாகப் பதிவு செய்கிறது. அவற்றில் மோதலே கிடையாது.

## தரச்சோதனை வெட்டுகள்: சந்தடியில்லாமல் சிக்னலைத் தின்னும் இடம்

எல்லாம் சரியாகச் செய்தும் சிக்னல் திறன் சரிந்தால் இங்கே தேடுங்கள். மின்காந்தப் பங்கு குறைந்த, நேரம் தவறிய ஜெட் இருந்தால் நிலையான ஜெட் சுத்திகரிப்பு மொத்த நிகழ்வையே தள்ளிவிடும்; கலோரிமீட்டரில் சிதையும் நெடுவாழ் துகளின் அடையாளமே அதுதான். மோதல் முனையிலிருந்து தடம் வராத ஜெட்டைக் கூட்டு மோதலின் (அதே குறுக்கீட்டில் நடந்த மற்ற மோதல்களின்) குப்பை என்று ஒரு கருவி நீக்கும். விலகிய எலக்ட்ரானுக்கு வழக்கமான தடம் இல்லாததால் அது ஃபோட்டான் பட்டியலுக்குப் போய்விடும். விலகிய மியூவானைக் காஸ்மிக் வடிகட்டி அடிக்கும். ஒவ்வொரு வெட்டையும் தனித்தனியே எடுத்துவிட்டு, சிதைவு ஆரத்துக்கு எதிராகத் திறனை வரைந்து பாருங்கள். எந்த ஆரத்தில் வளைவு திடீரென விழுகிறதோ அங்கே குற்றவாளி இருக்கிறான்.

## மெதுவாகப் போகும் துகளும் அந்த ஏழு நிகழ்வுகளும்

மின்னூட்டமுள்ள நெடுவாழ் துகள் சிதையாமலே பிக்ஸல் அடுக்குகளைக் கடந்தால், மெதுவாகப் போவதால் வழக்கத்தைவிட அதிக ஆற்றலை இழக்கும். அந்த இழப்பிலிருந்து வேகம், வேகமும் உந்தமும் சேர்ந்து நிறை. 2022-இல் அட்லஸ் வெளியிட்ட தேடலில், கனத்த நிறைப் பகுதியில் 0.7 நிகழ்வு எதிர்பார்த்த இடத்தில் 7 இருந்தன. ஓரிட முக்கியத்துவம் 3.6 சிக்மா (தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று சொல்லும் அளவு), தேடிய இடங்கள் அனைத்தையும் கணக்கில் கொண்டால் 3.3.

அடுத்து நடந்ததுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. கலோரிமீட்டரிலும் மியூவான் அமைப்பிலும் அதே துகள்கள் வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்தார்கள். எல்லாம் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போயின. கனமாக, மெதுவாக, ஒற்றை மின்னூட்டத்தோடு போகும் துகள் என்ற விளக்கம் அங்கேயே விழுந்தது. ஆற்றல் இழப்பையும் பறப்பு நேரத்தையும் சேர்த்துக் கேட்ட பிந்தைய தேடலில் மிகை எதுவும் தென்படவில்லை. வேகத்தை ஒரே வழியில் மட்டும் அளக்கும் தேடலை வடிவமைக்காதீர்கள். முடிந்தால் இரண்டாவது அளவீட்டை முதலிலேயே தேர்வுக்குள் வையுங்கள்.

மின்னூட்டத் துகள் நடுவழியில் மென்மையான பையானாகவும் கண்ணுக்குத் தெரியாத துகளாகவும் சிதைந்தால் தடம் பாதியில் நின்றுவிடும். சூப்பர்சிமெட்ரி முன்மொழியும் வினோ வகை சார்ஜினோவுக்கும் அது சிதைந்து தரும் கண்ணுக்குத் தெரியாத துகளுக்கும் நிறை இடைவெளி சுமார் 160 எம்இவி, ஆயுள் நீளம் சுமார் 6 செ.மீ. நான்கு பிக்ஸல் பதிவுகள் மட்டும் கொண்ட குட்டித் தடத்தைத் தேடி, அட்லஸ் வினோவுக்கு 660 ஜிஇவி வரையும் இன்னொரு வகையான ஹிக்ஸினோவுக்கு 210 ஜிஇவி வரையும் விலக்கியது. அங்கே முக்கியப் பின்னணி, தற்செயலாகச் சேர்ந்த போலித் தடமும் வழியில் கடுமையாகச் சிதறிய துகளும்.

## படி 7: வரம்புக் கோடு

பூஜ்ஜியம் கிடைத்தால் 95 சதவீத நம்பிக்கை நிலையில் சிக்னலுக்கு மேல்வரம்பு 3 நிகழ்வுகள். 140 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன் தரவும் 10 சதவீதத் திறனும் இருந்தால் குறுக்குவெட்டு (துகள் உருவாகும் வாய்ப்பின் அளவு) வரம்பு சுமார் 0.21 ஃபெம்டோபார்ன். இதை ஒவ்வோர் ஆயுளுக்கும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆயுளுக்கும் புதிதாகச் சிமுலேஷன் ஓட்டக் கட்டுபடியாகாது என்பதால் எடை மாற்றுவார்கள்: பழைய ஆயுளைப் புதியதால் வகுத்து, அதைத் துகளின் சொந்த நேரத்துக்கான இரு அடுக்கேற்றங்களின் விகிதத்தால் பெருக்கினால் எடை கிடைக்கும். நிகழ்வில் இரண்டு நெடுவாழ் துகள்கள் இருந்தால் இரண்டு எடைகளையும் பெருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிடுவது சகஜமான தவறு.

எந்தத் திசையில் மாற்றுகிறோம் என்பது முக்கியம். குறுகிய ஆயுளிலிருந்து நீண்டதற்குப் போனால் எடை நேரத்தோடு கட்டுக்கடங்காமல் ஏறும். புதிய ஆயுள் பழையதைப் போல் இரு மடங்கைத் தொட்டாலே எடையின் பரவற்படி எல்லையற்றதாகிவிடும். டிடெக்டரின் அளவு அதை ஓரிடத்தில் வெட்டினாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய நிகழ்வுகளே முடிவைத் தீர்மானிக்கும். நீண்ட ஆயுளில் உருவாக்கிக் குறுகியதற்கு இறங்குங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எடைகளின் கூட்டுத்தொகையின் வர்க்கத்தை எடை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பயனுறு எண்ணிக்கையைப் பாருங்கள்; அது சில பத்துகளாகச் சுருங்கியிருந்தால் புதிய மாதிரி உருவாக்குவதைத் தவிர வழியில்லை.

## டிடெக்டருக்கு வெளியே

துகள் டிடெக்டருக்குள்ளேயே நின்றுபோய்ப் பிறகு சிதைந்தால், மோதல் நடக்காத நேரத்தில் கலோரிமீட்டரைக் கவனிக்க வேண்டும்; சி.எம்.எஸ். இப்படி 100 நானோ வினாடியிலிருந்து பல நாள் வரை ஆயுள் கொண்ட துகள்களைத் தேடியிருக்கிறது. இலகுவான துகள்கள் கற்றைத் திசையை ஒட்டியே பறக்கும். அவற்றுக்காக அட்லஸ் மோதல் புள்ளியிலிருந்து 480 மீட்டர் தள்ளி ஒரு பக்கச் சுரங்கத்தில் ஃபேஸர் என்ற சிறு டிடெக்டர் நிற்கிறது. மொத்த நீளம் சுமார் 7 மீட்டர், வாய் அகலம் 20 செ.மீ., சிதைவுப் பகுதி 1.5 மீட்டர். அதன் இருட்டு ஃபோட்டான் (ஃபோட்டானைப் போன்ற, இன்னும் காணப்படாத கோட்பாட்டுத் துகள்) தேடல் 2022-இன் 27 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன் தரவில் பூஜ்ஜியம் கண்டது. அதே கருவிதான் 2023-இல் மோதுவியில் பிறந்த நியூட்ரினோக்களை முதன்முதலில் நேரடியாகக் காட்டியது. சி.எம்.எஸ்.ஸுக்கு மேலே தரைமட்டத்தில் மதுஸ்லா, எல்.எச்.சி.பி. குகையில் கோடெக்ஸ்-பி ஆகியவை முன்மொழிவுகள்.

கூட்டுக்குழுவில் இல்லாமலே கைவைத்துப் பார்க்க விரும்புவோருக்கும் வழி உண்டு. விலகிய முனைத் தேடல் போன்ற முடிவுகளோடு அட்லஸ் திறன் அட்டவணைகளையும் வெளியிட்டிருக்கிறது: இத்தனை தடம், இந்த நிறை, இந்த ஆரம் என்றால் பிடிபடும் வாய்ப்பு இவ்வளவு என்று. பித்தியா நிகழ்வுகளோடு அவற்றைச் சேர்த்து, முதலில் கட்டுரையில் உள்ள குளுவினோ வரம்பையே திரும்ப எடுத்துப் பாருங்கள். அது ஒத்துவந்த பிறகு உங்கள் சொந்த மாதிரிக்குப் போகலாம். சி.எம்.எஸ். திறந்த தரவில் வேலை செய்வதானால் கோப்பு வகையைக் கவனித்து எடுங்கள். மிகச் சுருக்கிய நானோ வகையில் தனிப் பதிவுகளும் பெரும்பாலான தடங்களும் இருக்காது. விலகிய முனையை அதிலிருந்து கட்ட முடியாது. 2011, 2012 தரவு முழுத் தடங்களோடு கூடிய பழைய வகையில் கிடைக்கிறது. அதில் கே-ஷார்ட்டின் நிறைச் சிகரத்தை ஆரம் வாரியாக வரைவதிலிருந்து தொடங்குங்கள்.